டொக்டரின் டிஸ்க் இரண்டும் கடலுக்குப் போன கதை

பிரேக் டிஸ்க்கை எப்போது மாற்ற வேண்டும் என்று வேலை பழகுகிற உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார். நான் ஓர் இலக்கம் சொல்வேன், அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. இலக்கம் வேண்டுமானால் அந்தந்த வாகனத்தின் புத்தகத்தில் இருக்கிறது. இன்ன தடிப்புக்குக் கீழே தேய்ந்தால் கழற்றி எறி என்று செய்தவனே எழுதி வைத்திருக்கிறான். அதை வாசிக்கக் கண் போதும். ஓய்வுபெற்ற மெக்கானிக் தேவையில்லை.

என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். காரின் சொந்தக்காரருக்கும் தெரியும். ஆனால் அவர் மாட்டேன் என்கிறார். புதுசு கடையில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் போட்டி. அப்போது என்ன செய்வீர்கள்? அதற்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அதேபோல நீங்களும் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லமாட்டேன். ஏனென்றால் அதற்குப் பெயர் களவு.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கராஜ் ஒன்றில் எனக்கு வேலை. ஒரு சின்ன ரப்பர் வளையம் வேண்டுமென்றாலும் கொழும்பில் இரண்டு சொந்தக்காரர் இருக்க வேண்டும். ஆகவே நாங்கள் எதையும் எறிவதில்லை. லொறிக்குச் செய்ததைக் காருக்குப் பூட்டினோம், காருக்குச் செய்ததைத் தண்ணீர்ப் பம்புக்குப் பூட்டினோம். ஏலாது என்று சொன்ன மெக்கானிக்கை ஊரில் ஒருவரும் மதிப்பதில்லை. எல்லாவற்றையும் எப்படியோ ஓட வைத்துவிடுவோம் என்ற திமிர் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அதில் ஒரு கேடும் இருந்தது. எதையும் ஓட வைக்கப் பழகிய கைக்கு, ஒன்றை நிறுத்தி வைக்கத் தெரியாமல் போய்விடும்.

எங்கள் முதலாளி அதிகம் பேசாத மனிதர். எந்நேரமும் சீனி போடாத தேத்தண்ணியும் ரேடியோவுமாக இருப்பார். கராஜில் அவர் போட்டு வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். பிரேக்கில் கை வைத்தவன், அந்த வாகனத்தின் முதல் ஓட்டத்தில் பக்கத்து ஆசனத்தில் இருந்து போக வேண்டும். அந்தச் சட்டம் எங்கள் எல்லோரையும் மிகவும் கவனமான ஆட்களாக்கி வைத்திருந்தது.

ஓர்ஸ் ஹில்லில் இருந்த பல் டொக்டர் ஒருவர் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் இருந்தது. இரண்டே ஆசனம், துணிக் கூரை, கம்பிச் சக்கரம், முன்னால் டிஸ்க் பிரேக். பெண்சாதியை விட அந்தக் காருக்குத்தான் அவர் அதிகம் பயம் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அது பொய். இரண்டு பேருக்கும் ஒரே அளவு பயம்தான்.

ஊருக்கு வெளியே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. இடைக்கிடை ஒரு ஞாயிறு காலையில் கார்ப் பைத்தியங்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். ஒவ்வொரு காராக, நேரம் பார்த்து ஓட விடுவது. பாதையின் அந்தம் வரை போய், அங்கே வைத்திருக்கும் தார்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். பீப்பாவுக்கு அப்பால் கொஞ்சம் புல், அதற்கப்பால் கண்டல் காடு, அதற்கப்பால் உப்பாறு. பிரேக் பிடித்தால் பீப்பாவைச் சுற்றலாம். பிடிக்காவிட்டால் உப்பாற்றில் மீன் பிடிக்கலாம்.

கந்தோர் வேலைக்கும் பஸாருக்கும் போய்வருகிற காரில், தேய்ந்த டிஸ்க் உங்களுக்கு நேரம் தரும். மிதி நடுங்கும், சத்தம் போடும், மாதக் கணக்கில் முறைப்பாடு செய்துகொண்டிருக்கும். ஓட்டப் போட்டிக் காரில் அந்தத் தயவு கிடையாது. முழு வேகத்தில் வந்து அமத்துகிறபோது சக்கரத்தோடு சுற்றுகிற அந்த இரும்புத் தட்டு அடுப்புச் சட்டி மாதிரிக் கொதிக்கிறது. தடித்த தட்டு சூட்டைத் தாங்கும். லேத்தில் கடைந்து கடைந்து மெலிந்த தட்டு தாங்காது, வெடிக்கும். மேலே மயிர் மாதிரிச் சின்னச் சின்னக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கோடு விளிம்பு வரை போய்விட்டதா, உங்கள் நகம் அதில் தடக்குகிறதா, அன்றைக்கே கழற்றுங்கள். இவ்வளவுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில். வேலை இருப்பவர்கள் இத்துடன் எழும்பிப் போகலாம்.

அந்த முறை போட்டிக்குச் சரியாக ஒரு கிழமை இருக்கும்போது டொக்டர் காரைக் கொண்டுவந்து விட்டார். சக்கரத்தைக் கழற்றினேன். வலப்பக்கத்து டிஸ்க்கில் ஒரு கோடு, நடுவிலிருந்து விளிம்பு வரை, ஒழுங்காக ஓடிப் போயிருந்தது. டொக்டர் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து, டிஸ்க்கின் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கேயும் இருந்தது.

"டொக்டர், இது முடிஞ்சுது."

"ஓம். தெரியுது."

"மற்றதும் மெல்லிசாப் போச்சு. இனி லேத்திலை போட ஏலாது."

"இன்னொருக்கால் மட்டும் மினுக்கித் தாங்கோ. இந்த ஒரு ஞாயிறு தாங்கும். பேந்து நான் காரை மூடி வைச்சிடுறன்."

காரணம் எனக்குத் தெரியும். காரணத்தின் பெயர் ரவி. டொக்டரின் பெண்சாதியுடைய தம்பி. கொழும்பில் வேலை. அவரிடமும் இதே கார், இதே வயது, இதே பைத்தியம். போன தடவை ரவி வென்றுவிட்டார். வென்றதோடு விட்டிருக்கலாம். பிறகு ஒரு கலியாண வீட்டில், பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் ஓட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை விளங்கப்படுத்தியிருக்கிறார். டொக்டர் அன்றைக்குப் பாயசம் குடிக்காமல் எழும்பி வந்தவர்.

"ரவியிட்டைப் புதுச் சோடி ஒண்டு இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றேன். தன் காரை வாங்கியபோது கூடவே வந்த டிஸ்க் சோடி ஒன்றை ரவி அலுமாரிக்குள் சீலை சுற்றி வைத்திருப்பதாக டொக்டர் பொறாமையோடு பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அவனிட்டைக் கேட்கிறதிலும் பார்க்க உப்பாத்துக்குள்ளை போறது நல்லம்."

பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். கோடு பார்த்த அதே கண்ணால் என் வலது கன்னத்தைப் பார்த்தார்.

"உந்தக் கடவாய்ப் பல்லை எப்ப எடுக்கிறது, சிவம்?"

"இந்த ஒரு கிழமை போகட்டும், டொக்டர்."

"ஒரு வருசமா இதைத்தான் சொல்லுறீங்கள். வேர் வரைக்கும் வெடிச்சுப் போச்சு. அது இனி உதவாது."

"கொஞ்ச நாள் தாங்கும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. ஆனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவருடைய கதிரையை நினைத்தாலே குலைநடுக்கம். இயந்திரம் கையை நசுக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பல்லையே பிடுங்குவதானால் எதைக் கடிப்பது?

"நீங்கள் செய்யாட்டி, கடற்கரை வீதி லேத்துக்காரன் செய்து தருவான்," என்றார் டொக்டர் கடைசியாக.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் சொன்னது உண்மை. கடற்கரை வீதி லேத்துக்காரன் எதைக் கொடுத்தாலும் மினுக்கிக் கொடுப்பான். அவனுடைய பட்டறையில் எங்கள் முதலாளியின் சட்டமும் கிடையாது. நான் மாட்டேன் என்று சொன்னால் என் கை சுத்தம். கராஜின் பெயரும் சுத்தம். டொக்டர் ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் மினுக்கிய டிஸ்க்கோடு அந்தப் பீப்பாவை நோக்கிப் போவார். உங்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள், பிழையான வேலையை மறுத்துவிடுங்கள் என்று சொல்லித் தருவார்கள். சரிதான். ஆனால் நீங்கள் மறுத்தால் வாகனம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அது அடுத்த கராஜுக்குத்தான் போகும்.

"சரி டொக்டர், வைச்சிட்டுப் போங்கோ," என்றேன். செய்து தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமானால் நான் சொன்ன சொல்லைத் திரும்ப நினைத்துப் பாருங்கள்.

அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் டொக்டரின் பெண்சாதி தேவகி டீச்சர் கராஜுக்குள் வந்தா. குடையை மடக்காமலே நேராக விஷயத்துக்கு வந்தா.

"சிவம், இவருக்கு அதைச் செய்து குடுக்காதேங்கோ."

"நான் குடுக்காட்டி வேறை ஆரும் குடுப்பினம், டீச்சர். நீங்கள் தம்பியிட்டை ஒருக்கால் கேட்டா என்ன?"

"கேட்கலாம். தம்பி தருவான். இவர் பூட்டமாட்டார். பழசு கையிலை இருக்குமட்டும் இவருக்குப் புதுசு தேவையில்லை." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "எனக்கு ராத்திரி நித்திரை வருதில்லை, சிவம்."

டீச்சர் போன பிறகு அந்த வசனம்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பழசு கையில் இருக்கும்வரை. இரண்டு டிஸ்க்கையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குள் ஒளித்து வைத்தால் கண்டுபிடிப்பார். உடைத்துப் போட்டால் முதலாளிக்குக் கூடாத பெயர். அந்த நேரம் பார்த்து லத்தீப் காக்கா வந்தார்.

லத்தீப் காக்கா கிண்ணியாவில் மீன் பிடிக்கிறவர். நகரத்துக்கு மீன் கொண்டுவந்தால் எங்கள் கராஜுக்கும் ஒரு நடை வந்து, பழைய டியூப், கயிறு, இரும்புத் துண்டு என்று ஏதாவது கேட்பார். அன்றைக்கு வலைக்குப் பாரம் தேடி வந்திருந்தார்.

"கல்லு கட்டினா நழுவிப் போகுது, மனே. நடுவுல ஓட்ட உள்ள இரும்பு ஏதும் இரிக்கா?"

டிஸ்க்கின் நடுவே ஓட்டை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். காக்கா இரண்டையும் தூக்கிப் பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"நல்ல சாமான். இதென்னத்துக்கு எறியிறீங்க?"

"எறியேல்லை, காக்கா. கடல்லை கொஞ்ச நாள் இருக்கட்டும்."

முதலாளி ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அது சம்மதமா, ரேடியோவில் நல்ல பாட்டுப் போனதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காக்கா இரண்டு டிஸ்க்கையும் மீன் கூடைக்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் 'பாதை' என்று சொல்கிற மிதவைத் தோணியில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனார்.

வியாழக்கிழமை டொக்டர் வந்தார். கார் மரக்கட்டைகளில் நிற்கிறது. முன் சக்கரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

"என்ரை டிஸ்க் எங்கை?"

"கடல்லை, டொக்டர்."

"எந்தக் கடல்லை?"

"அது லத்தீப் காக்கா இண்டைக்கு எங்கை வலை போடுறார் எண்டதைப் பொறுத்தது."

டொக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சிவந்தது. மரியாதையான மனிதர், எங்கள் எல்லோரோடும் 'நீங்கள்' போட்டுத்தான் கதைப்பார். கோபம் வந்தால் அது 'நீர்' ஆகிவிடும்.

"உமக்கு என்ன விசரோ? ஆரின்ரை சாமானை ஆருக்குக் குடுத்தனீர்? நான் பொலிசுக்குப் போறன்."

"போங்கோ. வெடிச்ச டிஸ்க்கைக் களவெடுத்துப் போட்டான், அதாலை நான் ஞாயிற்றுக்கிழமை சாகாமல் இருக்கப்போறன் எண்டு சொல்லுங்கோ. அவை எழுதுவினம்."

வாய்தான் அப்படிக் கதைத்தது. வேலை போகலாம். மனிதர் உண்மையாகவே பொலிசுக்குப் போகலாம். முதலாளி தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

டொக்டர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வெறும் அச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, என் கன்னத்தை உற்றுப் பார்த்தார். முகத்தில் கோபம் குறைந்து வேறொன்று வந்தது. அது கோபத்தை விடப் பயங்கரம்.

"சரி. நீர் என்ரை டிஸ்க்கைக் கேளாமல் கழட்டினனீர். நான் உம்மடை பல்லைக் கேட்டுக் கழட்டுறன். நீர் வந்து கதிரையிலை இருந்தா, தேவகி தம்பிக்கு டெலிபோன் எடுத்துக் கேட்கட்டும். இருக்காட்டி, இப்பவே கடற்கரை வீதிக்குப் போய் இரும்புத் துண்டு ஒண்டிலை டிஸ்க் கடைஞ்சு தரச் சொல்லுறன்."

அந்த லேத்துக்காரன் அதையும் செய்வான். கப்பல் இரும்பிலும் கடைவான், கக்கூஸ் மூடியிலும் கடைவான். நான் கையைக் கழுவிக்கொண்டு டொக்டரின் பின்னால் போனேன். தூக்குமேடைக்குப் போகிறவனுக்கு முன்னால் ஒருவன் இவ்வளவு சந்தோசமாக நடந்து போயிருக்கமாட்டான்.

பல் பிடுங்கியதை விவரிக்கமாட்டேன். நான் கத்தவில்லை என்று சொன்னால் ஓர்ஸ் ஹில் பக்கம் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் யாராவது எழுந்து மறுத்துப் பேசுவார்கள். எல்லாம் முடிந்து, வாய் நிறையப் பஞ்சோடு கதிரையில் கிடந்தபோது டீச்சர் கொழும்புக்குக் கோல் எடுத்தா. டெலிபோன் அந்த அறையிலேயேதான் இருந்தது. டொக்டர் கதவடிக் குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஆயுதங்களைக் கழுவுகிற மாதிரிப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, அத்தான்ரை காரிலை டிஸ்க் ரெண்டும் முடிஞ்சுது. உன்னட்டைப் புதுசு இருக்கெல்லோ... ஓம்... ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்..."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று டீச்சர் இரண்டு தரம் ஹலோ சொன்னா. பிறகு முகம் மலர்ந்தது.

"நாளைக்கு மெயில் ரெயினிலை போட்டுவிடுறானாம்."

டொக்டர் தண்ணீரை நிறுத்தினார். நன்றி என்று சொல்லவும் இல்லை, டெலிபோனை வாங்கவும் இல்லை. ஆனால் அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கியதை நான் கண்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தபோது எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிரேக் கட்டை பிடிக்கிற இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரிச் சுத்தம், ஒரு கீறல் இல்லை. ஆனால் சக்கரத்தின் நடுப்பாகத்தோடு சேர்த்து முறுக்குகிற பக்கத்தில், போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வட்டமாக அமத்திய அடையாளம் இருந்தது. கையால் தடவினால் புதுக் கிறீஸ். யாரோ இதை ஒரு வாகனத்தில் பூட்டி, ஓடாமலே கழற்றியிருக்கிறார்கள். அதுவும் இப்போதுதான்.

சாமான் தட்டுப்பாடு இல்லாத காலத்தில் வேலை பழகுகிற நீங்கள் இதைக் கேளுங்கள். பஞ்ச காலத்தில் ஒரு புதுச் சாமான் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. இன்னொரு வாகனத்திலிருந்து வருகிறது, அல்லது இன்னொரு வாகனத்துக்குப் போக வேண்டியது வழி மாறி வருகிறது. உங்கள் வாடிக்கையாளர் தப்பிவிட்டார் என்று சந்தோசப்படுகிற நேரத்தில், எங்கோ ஒருவர் அது இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். எங்கள் கராஜில் ஒரு பழக்கம் இருந்தது. புதுச் சாமான் வந்தால், இது எந்த வாகனத்தை நிறுத்திவிட்டு வந்தது என்று ஒருவரையொருவர் கேட்போம். பகிடிக்குக் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அதைக் கேட்க எனக்கு வாய் திறக்கவில்லை. கன்னம் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டொக்டரிடம் எதையோ சொல்லப் போனேன். "கதைக்காதேங்கோ, தையல் பிரியும்," என்று என் வாயை மூடிவிட்டார். நிச்சயமாகத் தெரியாமல் எழுதிக் காட்டவும் மனம் வரவில்லை. நாளைக்கு ரவியின் காரைக் கண்ணால் பார்ப்போம் என்று பேசாமல் பூட்டினேன்.

ஞாயிறு காலை. ஓடுபாதையில் நல்ல கூட்டம். நேரம் பார்க்கிறவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். கையில் கொடியும் கழுத்தில் மணிக்கூடுமாக நின்றார். முதலில் டொக்டர் ஓடினார். முதலாளியின் சட்டப்படி நான் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். பீப்பா எங்களை நோக்கி ஓடி வந்தது. டொக்டர் காலை அமத்தினார். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரிக் கார் நின்றது, சுற்றியது, திரும்பியது. டொக்டர் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கும் சிரிக்க ஆசை. வாய் விடவில்லை.

அடுத்தது ரவி. முதல் நாள் பின்னேரம் காரை ஓட்டிக்கொண்டே கொழும்பிலிருந்து வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையுறை, பந்தியில் கதைத்த அதே உற்சாகம். நான் டொக்டரின் காரிலிருந்து இறங்கி நேராக அவருடைய காருக்குப் போனேன். கம்பிச் சக்கரத்தில் ஒரு நன்மை இருக்கிறது. கம்பிகளுக்கிடையில் விரலை விடலாம். குனிந்து விரலை விட்டு, டிஸ்க்கின் மேல் நகத்தை மெல்ல இழுத்தேன். நகம் தடக்கியது. விளிம்பு வரை இழுத்தேன். விளிம்பு வரை தடக்கியது.

நிமிர்ந்தபோது ரவி ஆசனத்தில் ஏறிவிட்டார். தபாலதிபர் கொடியைத் தூக்கிவிட்டார். எனக்கோ ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ம், ம் என்று சக்கரத்தைக் காட்டினேன்.

"என்ன சிவம் அண்ணை, என்னோடையும் ஒரு ரவுண்ட் வரப்போறீங்களோ?" ரவி சிரித்தார். "ஏறுங்கோ, ஏறுங்கோ."

நான் ஏறினேன். ஏறி இருந்தால் இறங்கச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள், அந்த இடைவெளியில் டொக்டர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் பக்கத்தில் யார் இருந்தாலும் கேட்க ஆளில்லை. இயந்திரம் உறுமியது. மனுசன் உண்மையாகவே என்னையும் சேர்த்துக் கொண்டுபோகப் போகிறார். பயத்தில் கை தானாக நீண்டது. சாவியைத் திருப்பிப் பிடுங்கி எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். வேறு போக்கிடம் இல்லாமல், சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

ரவி என்னைப் பார்த்தார். தபாலதிபர் கொடியைத் தாழ்த்தினார். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. இரண்டு பேர் என்னைப் பிடித்து உலுப்பினார்கள். நான் வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன். வலியில் கண்ணீர் வழிந்தது, ஆனால் திறக்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவர், இதற்கு ஆள் இங்கேயே இருக்கிறாரே என்று டொக்டரைக் கூப்பிட்டார்.

டொக்டர் ஓடி வந்தார். என் முன்னால் குந்தி, தொழில் குரலில் சொன்னார்:

"வாயைத் திறவுங்கோ."

அவருக்கு மட்டும் திறந்தேன். சாவியை எடுத்தார். "பச்சைப் புண்ணுக்குள்ளை ஊத்தைச் சாவியைப் போட்டிருக்கிறீர், உமக்கு அறிவிருக்கோ?" என்று முதலில் அதற்குத்தான் ஏசினார். பிறகு என் விரல் காட்டிய பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கண்ணாடி வெளியே வந்தது. கம்பிகளுக்கிடையில் கையை விட்டு, முன்னும் பின்னும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ரவி, இது எவ்வளவு நாளா இப்பிடி?"

"அது சின்னக் கோடு, அத்தான். இந்த ஒரு ஞாயிறு தாங்கும்."

டொக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, கழற்றுங்கோ என்று தலையை ஆட்டினார். ரவி சத்தம் போட்டார், நேரம் போகுது என்றார், பயந்தாங்கொள்ளிகள் என்றார். டீச்சர் வந்து ஒரு பக்கத்தில் நின்றதும் அந்தச் சத்தம் குறைந்தது. நான் கழற்றினேன். தட்டு வெளியே வந்ததும் ரவி அதை என் கையிலிருந்து பறித்தார்.

"பாருங்கோ. இரும்பு. என்ன செய்யப்போகுது?"

தான் சொன்னதை நிறுவிக் காட்ட, அதைத் தூக்கி ஓடுபாதையின் கொங்கிறீற்றில் போட்டார். இடுப்பளவு உயரம்கூட இல்லை. டிஸ்க் இரண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு டீச்சரின் காலடிவரை உருண்டு போய் விழுந்தது.

கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதைப் பையில் வைத்தார். பீப்பாவைப் பார்த்தார். பீப்பாவுக்கு அப்பால் கண்டல் மரங்களைப் பார்த்தார். பிறகு காரின் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் காரில் பக்கத்து ஆசனத்தில் இருந்தவன் நான்.

டொக்டர் ரவியைத் தன் காரில் ஓடச் சொன்னார். ரவி மாட்டேன் என்றார். டொக்டரும் மிச்ச ஓட்டங்களை ஓடவில்லை. அன்றைய பரிசை, அடைத்த வயிறு மாதிரி ஊதிய பழைய கார் ஒன்றை ஓட்டிய மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அந்த வெற்றியை அவர் இறக்கும்வரை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் நாலு பேரும் வெயிலில் மிஞ்சினோம். டீச்சர் தம்பியின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றா. டொக்டர் உடைந்த துண்டுகள் இரண்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சலில் வந்த டிஸ்க்கில் நான் கண்ட அடையாளத்தை இப்போது அவருக்கு எழுதிக் காட்டினேன்.

"உனக்குத் தேவைப்பட்டிருக்கு," என்றார். "நீ பூட்டிப்போட்டுக் கழட்டித்தான் அனுப்பியிருக்கிறாய். அப்பிடித்தானே?"

"அக்கா கேட்டவ."

"எனக்கும் வேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. என்னட்டை ஒருக்கால் சொல்லியிருக்கலாமே, ரவி."

ரவி நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களோ, அத்தான்?"

டொக்டர் துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ரவியின் காரிலிருந்து கழற்றிய சக்கரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மச்சான் எழும்பி மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.